இலக்கணப் பிழையும் ஏழு முத்திரையும்

கிரேக்க மொழியில் ஒரு புத்தகம். மூன்று வசனம் முன்னுரை மாதிரி போகிறது. நாலாவது வசனத்தில் ஆசிரியர் வாசகர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார். அந்த வாழ்த்திலேயே இலக்கணப் பிழை. பண்டிதர்கள் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடிக்கிற ரகப் பிழை இல்லை. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பையன் எழுதியிருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார்.

பைபிளின் கடைசிப் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். தமிழில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும், 'திருவெளிப்பாடு' என்றும் சொல்கிறார்கள். ஏழு முத்திரை, நாலு குதிரை, ஏழு தலை மிருகம், 666 எல்லாம் இதில்தான் வருகின்றன. ஹாலிவுட்காரர்களுக்குக் காமதேனு.

முதலில் அந்தப் பிழையைப் பார்த்துவிடலாம். 'இருந்து' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'அப்பொ'. அது வந்தால் அடுத்து வரும் பெயர் வேற்றுமை ஏற்க வேண்டும். ஆசிரியர் கடவுளைக் குறிக்கும்போது வேற்றுமை இல்லாமல் அப்படியே வைத்துவிட்டார். தமிழில் 'அவரிடமிருந்து' என்பதற்குப் பதில் 'அவர் இருந்து' என்று எழுதிய மாதிரி. அது போதாதென்று, 'இருக்கிறவர், இருந்தவர், வருகிறவர்' என்று அடுக்க வேண்டிய இடத்தில் நடுவில் மட்டும் 'இருந்தார்' என்று வினைமுற்றைப் போட்டு, அதன் தலையில் பெயர்ச்சொல்லுக்கு வைக்கிற தொப்பியை மாட்டிவிட்டார். கிரேக்கத்தில் அந்த வினைக்கு 'இருந்த' என்கிற எச்ச வடிவம் கிடையாது. வேறு வினையைத் தேடியிருக்கலாம். தேடவில்லை.

ஆசாமிக்கு கிரேக்கம் தெரியாது, அவ்வளவுதானே என்று முடித்துவிடலாம். ஆனால் அதே வாக்கியத்தில் அதே 'அப்பொ' இன்னும் இரண்டு முறை வருகிறது. ஏழு ஆவிகளிடமிருந்து, இயேசு கிறிஸ்துவிடமிருந்து. இரண்டு இடத்திலும் வேற்றுமை கச்சிதம். விதி தெரிந்திருக்கிறது. கடவுளின் பெயர் வரும்போது மட்டும் அதை வளைக்க மறுக்கிறார்.

இதை விட்டுவிட்டு இந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது என்பது என் கட்சி.

எழுதியவர் தன் பெயரை யோவான் என்கிறார். பத்மோஸ் என்கிற சின்னத் தீவில் இருந்ததாகச் சொல்கிறார். முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதியிருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்கள் கணிப்பு. எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஏழு ஊர்களுக்கு அனுப்பிய கடிதம் இது. தலைப்பாக அமைந்த முதல் சொல் 'அப்போகாலிப்சிஸ்'. திரையை விலக்குதல் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நாளடைவில் சர்வநாசம் என்றாகிவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'வெளிப்படுத்தின' என்று வைத்ததுதான் கிரேக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இந்த ஆளின் கிரேக்கம் சரியில்லை என்று முதலில் விஸ்தாரமாக எழுதியவர் அலெக்சாண்ட்ரியாவின் பிஷப் டயோனிசியஸ். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. யோவான் நற்செய்தியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அங்கே வருகிற சொற்கள் இங்கே இல்லை. அந்த நடை வேறு, இந்த நடை வேறு. அங்கே பிழையில்லாத கிரேக்கம், இங்கே கொச்சை. ஆகவே இரண்டையும் எழுதியவர் ஒருவராக இருக்க முடியாது என்கிறார். நடையை வைத்து ஆசிரியரைத் தீர்மானிக்கிற வேலையை இன்றைக்கு கம்ப்யூட்டரை வைத்துச் செய்கிறார்கள். அவர் சும்மா காதை வைத்துச் செய்திருக்கிறார். புத்தகத்தை அவர் தூக்கி எறியவும் இல்லை. எனக்குப் பிடிபடவில்லை, அதனாலேயே இதில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது என்கிற ரீதியில் சொல்கிறார். விமரிசகர்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

அவர் ஏன் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார் என்பது இன்னும் சுவாரஸ்யம். எகிப்தில் அர்சினோயே பகுதி கிராமங்களில், பூமியில் ஆயிரம் வருஷம் கிறிஸ்துவின் அரசாட்சி நடக்கப்போகிறது, விருந்தும் வசதியுமாக, என்று ஒரு கட்சி கிளம்பியிருந்தது. நேப்போஸ் என்கிற பிஷப் எழுதிவைத்த புத்தகம் அவர்களுக்கு ஆதாரம். அவர் அதற்குள் காலமாகிவிட்டார். சபைகளே பிளந்துகொண்டிருந்தன. டயோனிசியஸ் தடை உத்தரவு அனுப்பவில்லை. நேரில் போனார். ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கொண்டுவந்த புத்தகத்தையே நடுவில் வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை மூன்று நாள் பேசினார். கேள்வி, மறுப்பு, விளக்கம். அவர்கள் பொறுமையைப் பிற்பாடு மனசாரப் பாராட்டி எழுதியிருக்கிறார். கடைசியில் அந்தக் கட்சியின் தலைவர் கொரக்கியோன் எல்லார் முன்னாலும் எழுந்து, ஒப்புக்கொள்கிறேன், இனி இதைப் போதிக்க மாட்டேன் என்றாராம். ஜெயித்தவர் தரப்புச் செய்தி என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், மூன்று நாள் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே பெரிய விஷயம். யூசேபியஸின் திருச்சபை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பிழைக்கு வருகிறேன். 1920-ல் ஆர்.எச். சார்ல்ஸ் என்கிற அறிஞர் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, அதில் இந்தப் புத்தகத்துக்கென்றே தனி இலக்கணம் போட்டுக் கொடுத்தார். இவர் எழுதுவது கிரேக்கத்தில், யோசிப்பது எபிரேயத்தில் என்பது அவர் தீர்ப்பு. 1995-ல் ஆலன் காலஹன் வேறு மாதிரி சொன்னார்: இது தெரியாமை இல்லை, எதிர்ப்பு. ரோமாபுரிக்காரர்கள் கிழக்கே ஆண்ட மொழி கிரேக்கம். அதை அவர்கள் சொன்னபடி பேச மாட்டேன் என்கிற வீம்பு.

எனக்கு இரண்டிலும் பாதிப் பாதி சம்மதம். பின்னால் ஆண்பாலும் பெண்பாலும் இடிக்கிற இடங்கள் சில உண்டு. அவற்றுக்கெல்லாம் புரட்சிப் பட்டம் கொடுக்க முடியாது. ஆனால் அந்த நாலாவது வசனத்துப் பிழை தெரிந்தே செய்தது. பேரரசர்களின் பெயர்கள் வேற்றுமை உருபுக்கு வளைந்து கொடுக்கும். இவருடைய கடவுளின் பெயர் வளையாது.

இப்படி ஒருவர் சொல்லைப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், மற்ற இடங்களும் பேச ஆரம்பிக்கின்றன. நாலாவது குதிரையைத் தமிழ் பைபிள் 'மங்கின நிறம்' என்கிறது. கிரேக்கத்தில் 'க்ளோரோஸ்'. க்ளோரோஃபில்லில் இருக்கிறதே, அதே க்ளோரோ. பச்சை. இதே புத்தகத்தில் புல்லுக்கும் அந்தச் சொல்தான். மரணம் ஏறி வருகிற குதிரைக்கும் அதுதான். உடம்பில் அந்த நிறம் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று பிணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 'மங்கின' என்று படிக்கும்போது அந்தக் குமட்டல் வருவதில்லை.

பதினெட்டாம் அதிகாரத்தில் இன்னொன்று. பாபிலோன் என்கிற மாறுவேஷத்தில் ரோமாபுரி விழுகிறது. வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். சரக்கை வாங்க ஆளில்லையே என்று. ஒரு கப்பல் சரக்குப் பட்டியல் வருகிறது: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், லவங்கப்பட்டை, மாவு, மாடு, குதிரை. (அந்தக் காலத்தில் ரோமுக்கு முத்து அனுப்பிய இடங்களில் நம் கொற்கையும் உண்டு.) பட்டியலின் கடைசியில் 'உடல்கள்'. அன்றைய அடிமைச் சந்தையில் அடிமைக்கு அதுதான் பெயர். கணக்குப்பிள்ளை பாஷை. யோவான் அதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே மனித உயிர்கள் என்று இன்னொரு சொல்லையும் சேர்க்கிறார். நீங்கள் உடல் என்று ரசீது போட்டது உயிரய்யா, என்கிறார். இந்தப் புத்தகத்தின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நான் மிருகத்தைக் காட்ட மாட்டேன், இந்தச் சரக்குப் பட்டியலைக் காட்டுவேன்.

ஆனால் யாரும் அங்கே நிற்பதில்லை. எல்லாருக்கும் 666 வேண்டும்.

அந்தக் காலத்தில் எழுத்துதான் எண். எந்தப் பெயரையும் கூட்டி ஒரு தொகை சொல்லலாம். பாம்ப்பேயில் ஒரு சுவரில், 545 என்ற எண்ணுக்குரியவளைக் காதலிப்பதாக யாரோ கிறுக்கியிருக்கிறான். அந்தத் தெருவில் விசாரித்தால் யாரென்று சொல்லியிருப்பார்கள். 666-ம் அப்படித்தான், உள்ளூர் விடுகதை. நீரோ சக்கரவர்த்தியின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. சரியாக 666. லத்தீன்காரர்கள் சொல்வது போலக் கடைசி 'ன்' இல்லாமல் 'நேரோ' என்றால் ஐம்பது குறைந்து 616. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பழைய பாப்பிரஸ் துண்டு ஒன்று 1999-ல் பதிப்பிக்கப்பட்டது. அதில் இருப்பது 616! இரண்டு கணக்குக்கும் ஒரே ஆசாமி பொருந்துகிறார். எல்லா அறிஞர்களும் கையெழுத்துப் போடவில்லை என்றாலும் இதைவிட நல்ல விடை வேறு இல்லை.

இதற்கப்புறமும் போப், லூதர், நெப்போலியன் என்று எத்தனையோ பேரைக் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் பியர் முதலில் நெப்போலியனுக்குக் கணக்குப் போடுகிறான். பிறகு தன் பெயரையும் 666-க்குள் நுழைக்க, ஒரு எழுத்தை முழுங்கிவிடுகிறான். ஆயிரத்தெண்ணூறு வருஷத்து வியாக்கியான முறையை டால்ஸ்டாய் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்.

இந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று கடைசியில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1516-ல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, இந்தப் புத்தகத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரே பிரதி, அதிலும் கடைசி ஆறு வசனம் இல்லை. லத்தீனிலிருந்து தானே கிரேக்கத்துக்குத் திருப்பி எழுதிச் சேர்த்துவிட்டார். பழைய பிரதிகளில் வாழ்வின் 'மரம்' என்று இருப்பது இப்படி 'புத்தகம்' ஆனது. தமிழில் 'ஜீவபுஸ்தகம்' என்று படிக்கிறோமே, அது அந்த வழியில் வந்ததுதான். மாறிப்போனது எந்த வசனம் தெரியுமா? வார்த்தையைக் குறைக்காதே என்கிற அதே வசனம்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

1993, பிப்ரவரி 28. அமெரிக்காவில் டெக்சாஸ், வேக்கோ நகருக்கு வெளியே ஒரு குழுவின் குடியிருப்பில் ஆயுதச் சோதனைக்குப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரு தரப்பிலும் செத்தார்கள். பிறகு 51 நாள் முற்றுகை. தலைவர் டேவிட் கொரேஷ். நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆயுதம் குவித்தவர், சிறுமிகளை மனைவிகளாக்கிக்கொண்டவர். ஏழு முத்திரைகளைத் திறக்கிற ஆள் தான்தான் என்று நம்பியவர், மற்றவர்களையும் நம்பவைத்தவர். முற்றுகை நடக்கும்போது அவர்கள் ஐந்தாவது முத்திரையில் இருப்பதாக எண்ணினார்கள். அதில், பலிபீடத்தின் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் எத்தனை நாள் என்று கேட்க, உங்களைப்போல் சாக வேண்டியவர்கள் தொகை நிறையும்வரை கொஞ்ச காலம் பொறுங்கள் என்று பதில் வருகிறது. கிரேக்கத்தில் அந்தக் 'கொஞ்ச கால'த்துக்கு அளவெல்லாம் இல்லை. 'க்ரோனோன் மிக்ரோன்'. சின்ன காலம், அவ்வளவுதான். நாளா, வருஷமா?

ஜேம்ஸ் டேபர், பிலிப் ஆர்னால்ட் என்று இரண்டு அறிஞர்கள், இந்த ஆள் உளறவில்லை, ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார், அவரோடு அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பேச முடியும் என்று புரிந்துகொண்டார்கள். வானொலியில் பேசினார்கள், ஒலிநாடா உள்ளே போயிற்று. இதே வசனங்களை வேறு விதமாகவும் படிக்கலாம் என்பதுதான் சாரம். ஏப்ரல் 14-ல் கொரேஷ், ஏழு முத்திரைகளுக்கும் விளக்கம் எழுதி முடித்துவிட்டு வெளியே வருகிறேன் என்று கடிதம் கொடுத்தார். அதிகாரிகளுக்கு அது இன்னொரு சாக்காகத்தான் பட்டது. ஏப்ரல் 19 காலையில் கவச வண்டிகள் சுவரை இடித்துக் கண்ணீர்ப் புகை விட்டன. மத்தியானம் தீ. குழந்தைகளும் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். தப்பி வந்த ஒரு பெண்ணிடம் கம்ப்யூட்டர் டிஸ்க் ஒன்று இருந்தது. அதில் முதல் முத்திரைக்கான விளக்கம் இருந்தது. ஆக, எழுதத்தான் செய்திருக்கிறார்.

முடித்திருந்தால் வந்திருப்பாரா? இன்றுவரை வாதம். எனக்குத் தோன்றுவது வேறு. அர்சினோயேயில் புத்தகத்தை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வேக்கோவில் உள்ளே ஒரே ஒருவர்தான் படித்தார், மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். வெளியே இருந்தவர்களில் பலர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இதற்கும் கிரேக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, அந்தப் பிழைக்கு முந்தின வசனத்திலேயே. படிக்கிறவரும் கேட்கிறவர்களும் பாக்கியசாலிகள் என்கிறார் யோவான். படிக்கிறவர் ஒருமை. கேட்கிறவர்கள் பன்மை. ஒருவர் எழுந்து சத்தமாகப் படிக்க, ஊர் கூடிக் கேட்பதற்காக எழுதியது. நடுவில் யாராவது, நிறுத்துங்கள், அது எப்படி என்று கேட்கலாம்.

நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கால்குலேட்டர் வேண்டாம்.