திரும்பி வரும் வாட்டுகள்

ஆண்டெனா ஏற்காத திறன் கேபிள் வழியே திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும் என்ற எண்ணம் ஹாம் வானொலிக்காரர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகித) மீட்டரில் அப்படித் திரும்பும் எதிர்த்திறனுக்கென்று ஒரு முள்ளே இருக்கும்போது, அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

மீட்டரின் பயனை நான் மறுக்கவில்லை. கனெக்டரில் மழைநீர் இறங்கியதா, ஆண்டெனாக் கம்பி அறுந்ததா என்பதை நொடியில் காட்டிவிடும். கேபிளுக்குள் நடப்பதை விளக்கவும் எதிரலைக் கணக்கைப் போலத் தெளிவான வழி இல்லை. அதே கணக்கை டிரான்ஸ்மிட்டருக்குள் இழுத்துப் போகும்போதுதான் பிழை தொடங்குகிறது.

50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 3:1 என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் தொடக்கத்தில் டியூனரை (பொருத்துச் சுற்றை) போட்டுச் சரிசெய்தால் டிரான்ஸ்மிட்டர் தன் 100 வாட்டையும் தரும். டியூனரைத் தாண்டி மீட்டரை வைத்தால், இழப்புகளை ஒதுக்கிய கணக்கில், முன்னே 133 வாட், பின்னே 33 வாட் காட்டும். அந்த 33 டிரான்சிஸ்டரைத் தொடுவதே இல்லை. டியூனரில் பட்டு மறுபடி ஆண்டெனாவுக்கே போகிறது.

டியூனரை எடுத்துவிட்டால் கதை வேறு. கேபிள் ஒரு நீளத்தில் டிரான்ஸ்மிட்டருக்கு 150 ஓம் சுமையைக் காட்டும். அதில் கால் அலைநீளம் கூட்டினால் ஏறக்குறைய 17 ஓம். இரண்டிலும் எதிர்த்திறன் முன்னே போகும் திறனில் அதே 25 சதவீதம். ஆனால் ஒன்றில் டிரான்சிஸ்டர் மிகை மின்னழுத்தத்தில் திணறலாம், மற்றொன்றில் மிகை மின்னோட்டத்தில் கொதிக்கலாம். இடைப்பட்ட ஏதோ ஒரு நீளத்தில் வழக்கத்தைவிடச் சூடு குறைந்தும் ஓடலாம். பொசுக்குவது பொருந்தாச் சுமை.

டிரான்ஸ்மிட்டரின் கடைசிக்கட்டப் பெருக்கியின் உள் மின்மறுப்பும் (உள்மறுப்பு) 50 ஓம்தான் என்பது இதன் உடன்பிறந்த நம்பிக்கை. உச்சத்திறனுக்கு டியூன் செய்த பெருக்கி உள்ளும் புறமும் பொருந்தி நிற்கிறது என்று ஆண்டெனாப் பொறியாளர் வால்டர் மேக்ஸ்வெல் வாதிட்டார். ஹாம் மீட்டர்கள் பலவற்றில் இன்றும் இருக்கும் திசையுணர் சுற்றை 1959இல் விளக்கி எழுதிய வாரன் புரூன், 1991இல் அதை மறுத்தார். நான் புரூன் பக்கம். வடிவமைப்பாளர் சுமையைத் தேர்வது சப்ளை மின்னழுத்தத்தையும் வேண்டிய திறனையும் பார்த்து. உள்ளே நிஜமான 50 ஓம் மின்தடை இருந்தால் பாதித் திறன் அங்கேயே வெந்துவிடும். சி வகுப்புப் பெருக்கிகளோ 70 சதவீதச் செயல்திறனைத் தாண்டுகின்றன. மேக்ஸ்வெல் சொன்ன உள்மறுப்பு வெப்பம் உண்டாக்காத வகை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எப்படியானாலும் கேபிளின் எஸ்.டபிள்யூ.ஆரை உள்மறுப்பு மாற்றாது. ஆனால் அனலாக் தொலைக்காட்சியில் உள்மறுப்பு முக்கியமாக இருந்தது: திரும்பிய அலை டிரான்ஸ்மிட்டரில் பட்டு மீண்டும் போனால் திரையில் நிழல் உருவம் விழுந்தது.

டிரான்ஸ்மிட்டருக்குள் எதிர்த்திறனைப் பார்த்துத் திறனைக் குறைக்கும் காப்புச்சுற்று எண்ணற்ற கருவிகளைக் காப்பாற்றியிருக்கிறது, மலிவானது, வேகமானது. ஆனால் தீங்கற்ற கேபிள் நீளத்திலும் அது திறனை வெட்டுகிறது. கேபிளில் 3 டெசிபல் இழப்பு இருந்தால் ஆண்டெனாவின் 3:1 டிரான்ஸ்மிட்டர் முனையில் 1.7 ஆகச் சுருங்கித் தெரியும். சுற்றும் சும்மா இருக்கும், திறனில் பாதிக்குமேல் கேபிளிலேயே வீணாகும். டிரான்சிஸ்டரின் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் மூன்றையும் நேரடியாக அளக்கும் காப்பையே நான் கேட்பேன்.