செப்புத்தகட்டுப் போதகரும் நமது தோம்பும்

நீர்வேலிக்கு ஒருபுறம் கோப்பாய், மறுபுறம் புத்தூர். இவ்விரு ஊர்களின் கோவிற்பற்றுகளும் 1672 இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிய பெருநூலொன்றில் இடம்பெற்றுள்ளன. ஆசிரியர் பிலிப்புஸ் பல்டேயஸ். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் இங்கு ஊழியம் புரிந்த போதகர். நூலில் அவரது செப்புத்தகட்டு உருவப்படமும் உண்டு.

அக்காலத்து இத்தகைய படங்களுக்குத் தனியொரு குறியீட்டு மொழி இருந்தது. கத்தோலிக்க மேற்றிராணியாருக்கு முடியும் செங்கோலும் குலச்சின்னமும். பின்னணியில் தூணும் திரைச்சீலையும். சிலவேளை நிலையாமையை நினைவூட்டும் மண்டையோடு. சீர்திருத்தச் சபையோர் முடியைத் துறந்தனர். கரிய அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் வேதப்புத்தகமுமே அவர்களது அணிகலன்கள். ஆயின் எளிமையும் ஒரு குறியீடே. ‘இம்மனிதர் தம் பேரால் பேசவில்லை, நூலின் பேரால் பேசுகிறார்’ என்று அது நம்மை நம்பச் செய்கிறது. எண்ணெய் வண்ண ஓவியம் ஒரு வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். செப்புத்தகடோ இந்த நம்பிக்கையை நூற்றுக்கணக்கான தாள்களில் பரப்பியது.

அந்தப் போதகருக்குச் சம்பளம் அளந்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி என்பதை இக்குறியீடுகளில் எது சொல்கிறது? நம் ஊர்களுக்குக் கம்பெனி கொண்டுவந்த புத்தகம் வேதம் ஒன்றுதானா? பள்ளிக்கூடத் தோம்பும் கூடவே வந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்பட்டன. அப்பதிவைப் பொறுத்தே விவாகமும் வாரிசுரிமையும் சட்டத்தின் முன் நின்றன. பிள்ளை பள்ளிக்கு வராவிடில் பெற்றோருக்குத் தண்டம். படத்தில் அருளின் சின்னமாகிய நூல், உழவனின் முற்றத்தில் அதிகாரத்தின் கருவியாயிற்று.

பல்டேயஸின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. தமிழ் எழுத்துக்களைத் தம் நூலில் அச்சிட்டு ஐரோப்பியருக்குக் காட்டியவர் அவர். ஆனால் அவ்வெழுத்துக்களை அவருக்குக் கற்பித்தவர் யார்? 1668 இல் யொகான் டி லா றொக்கெற் தீட்டிய ஓவியத்தில் பல்டேயஸின் அருகே கெரிற் மொசொப்பொத்தம் என்ற ஆசிய இளைஞர் காணப்படுகிறார். அவருக்கேனும் முகமும் பெயரும் எஞ்சின. யாழ்ப்பாணத்தில் ஏடு பிடித்து எழுத்தறிவித்தவர்களுக்கு அந்தப் பேறும் கிட்டவில்லை.

ஆதலால் வகுப்பறையில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், தோம்பின் கதையையும் அருகில் வைத்துச் சொல்லவேண்டும். செதுக்குளியின் நேர்த்தியை மாணவர் வியக்கட்டும். அது யாரை விட்டுவிட்டது என்றும் கேட்கட்டும். கலையை அறிதல் என்று நாம் கருதுவது இவ்விரண்டும் சேர்ந்ததையே.