தோற்ற போரையும் பாடு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் போர்ப்படம் பார்க்கப் போகிறவர் கையில் சினிமாவைவிட மிக மூத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. இரவிக்குட்டிப் பிள்ளை போர் என்ற கதைப்பாட்டுதான் அது. 1634 வாக்கில் மதுரைத் திருமலை நாயக்கரின் படை வேணாட்டு எல்லைக்குள் புகுந்தது. இன்றைய நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் இரு படைகளும் மோதின. வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை அங்கே கொல்லப்பட்டார். அவர் தலையை வெட்டி எதிரிப் பாளையத்துக்கு எடுத்துப் போனார்கள். பாட்டு அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய சொந்த நாட்டுப் பெரியவர்கள் பொறாமையால் அவரைத் தனியே விட்டார்கள் என்பதையும் கூச்சமில்லாமல் பாடுகிறது.

தோற்ற நாட்டுக்காரர்களே தங்கள் தோல்வியைப் பாட்டாகக் கட்டி, வில்லும் குடமும் உடுக்கும் கட்டையும் வைத்துக் கோயில் கொடைகளில் பாடி வந்தார்கள். நெய்யாற்றின்கரை வட்டத்துக் காஞ்சிரங்குளத்தைச் சேர்ந்த கொச்சுகிருஷ்ண நாடார் போன்றவர்கள் இப்படிப்பட்ட தெக்கன் பாட்டுகளைத் தேடி எடுத்து மலையாள எழுத்தில் அச்சேற்றினார்கள். மொழி தமிழா மலையாளமா என்ற வழக்கு அறிஞர்களுக்கு. ஊர்க்காரனுக்குப் பாட்டு புரிந்தது, அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 அன்று களியக்காவிளையில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. கணியாகுளம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாட்டு இரண்டு பக்கமும் தங்கிவிட்டது.

இந்தப் பாட்டில் மெய் எது, கற்பனை எது? போருக்குப் புறப்படுமுன் வீட்டுப் பெண்கள் கெட்ட கனவு காண்கிறார்கள். போகாதே என்று அழுகிறார்கள். சரித்திரப் பேராசிரியர் இதைச் சான்றாக ஏற்க மாட்டார். ஆனால் படை வந்த வழி, பாளையம் இறங்கிய இடம், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு ஆகியவற்றில் பாட்டுக்காரர் கை வைக்க முடியாது. கேட்கிறவன் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போகிறான். கனவை எப்படி வேண்டுமானாலும் விரிக்கலாம், களத்தை மாற்றக்கூடாது, தோல்வியை மறைக்கவே கூடாது என்பது நம் மரபின் எழுதாத சட்டம். போர்ப்படங்களை இந்தச் சட்டத்தால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அதிலும் பாராசூட் வீரர்களைப் பற்றிய படங்களை எடுத்துக்கொள்கிறேன், காரணம் உண்டு.

பாராசூட் வீரனின் கதை அமைப்பிலேயே இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை. எதிரியின் முதுகுப்புறத்தில் அவனை இறக்கிவிடுகிறார்கள். கையில் இருப்பது சுமக்கக்கூடிய ஆயுதம் மட்டும். டாங்கி கிடையாது, கனத்த பீரங்கி கிடையாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே விழுந்து, கூட்டாளிகளைத் தேடிப் பிடித்து, ஒரு பாலத்தையோ நாற்சந்தியையோ பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தரைவழியே வருகிறவர்கள் சொன்ன நேரத்தில் வந்தால் பிழைப்பான். வராவிட்டால் கணியாகுளம்தான்.

1944 செப்டம்பர் 17 அன்று ஹாலந்தில் தொடங்கிய மார்க்கெட் கார்டன் நடவடிக்கையில் இதுவே நடந்தது. ஆர்னெம் பாலத்தைப் பிடிக்கச் சுமார் 10,000 பேராகப் போன பிரிட்டிஷ் முதலாம் வான்படைப் பிரிவில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் 2,500-க்கும் குறைவு. தரைப்படை வந்துசேரவில்லை. இந்த ஒரே சண்டையை வைத்து இரண்டு வகைப் படங்கள் வந்தன. பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கி 1946-இல் வெளியான ‘தேர்ஸ் இஸ் தி குளோரி’யில் நடிகர்களே இல்லை எனலாம். அங்கே சண்டையிட்டுப் பிழைத்தவர்கள், அதே ஊரின் அதே இடிபாடுகளுக்குள் திரும்பிப் போய், தாங்கள் செய்ததையே காமிராவின் முன் மறுபடி செய்தார்கள். அவர்களுக்கு வசனம் பேச வராது, அழ வராது. அதனாலேயே அந்தப் படத்தை நம்பத் தோன்றுகிறது.

1977-இல் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த ‘எ பிரிட்ஜ் டூ ஃபார்’ அதற்கு எதிர்த்துருவம். நட்சத்திரங்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஆர்னெமில் புதுக் கட்டடங்கள் முளைத்துவிட்டதால் டெவென்டர் நகரத்துப் பாலத்தை ஆர்னெம் பாலமாக்கினார்கள். பிற்காலத்து லெப்பர்ட் டாங்கிகளுக்கு வேஷம் கட்டி ஜெர்மன் டாங்கிகளாக ஓட்டினார்கள். பொத்தான் எண்ணும் ரசிகர்கள் இதையெல்லாம் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய டகோட்டா விமானங்களைத் தேடிச் சேர்த்து, நிஜமான வீரர்களைக் குதிக்கவைத்து எடுத்த அந்தக் காட்சிக்கு ஈடாக இன்றைய கணினி வித்தை எதையும் நான் சொல்ல மாட்டேன். வானம் முழுக்கக் குடைகள். ஒவ்வொன்றின் கீழும் கனமுள்ள ஒரு மனிதன். பாலத்தைக் காத்த ஜான் ஃபிராஸ்ட் படப்பிடிப்புக்கு ஆலோசகராக வந்தார். தன் வேடத்தில் நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸ் குண்டுமழைக்கு நடுவே தெருவை வேகமாக ஓடிக் கடந்தபோது, அதிகாரி அப்படி ஓடமாட்டான் என்று அவர் திருத்தியதாகச் சொல்வார்கள். டாங்கியின் வேஷத்தைக்காட்டிலும் இந்த நடைதான் எனக்குப் பெரிய விஷயம். படம் தோல்வியைத் தோல்வியாகவே முடிக்கிறது, தளபதிகளின் பிடிவாதத்தையும் சேர்த்து. நம் பாட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்வார்.

‘தி லாங்கஸ்ட் டே’ (1962) படத்தில் தேவாலயக் கூரையில் பாராசூட் சிக்கித் தொங்கும் வீரனை மறக்க முடியாது. ஜான் ஸ்டீல் என்ற நிஜ மனிதர் அவர்; செத்தவரைப்போல இரண்டு மணி நேரம் தொங்கினார், பிடிபட்டார், பிறகு தப்பினார். அந்த ஊர்த் தேவாலயத்தில் இன்றும் ஒரு பொம்மை பாராசூட்டோடு தொங்குகிறது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில், இளவரசர் மார்த்தாண்ட வர்மா எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவின் அடிமரத்தைக் காத்துவைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கதை தங்குவதற்கு எல்லா ஊருக்கும் ஒரு மரமோ கூரையோ வேண்டியிருக்கிறது.

‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ (2001) தொடரை நுணுக்கத்தின் சிகரம் என்கிறார்கள். முன்னாள் ராணுவ அதிகாரி டேல் டை நடிகர்களை முகாமில் போட்டு வாட்டி எடுத்தார். கால்களை ஒட்டிவைத்துத் தரையில் உருள்வது முதல் துப்பாக்கிக் குழலைத் தாழ்த்திப் பிடிப்பது வரை எல்லாம் சரி. ஆனால் ஆல்பர்ட் பிளைத் என்ற வீரர் காயத்திலிருந்து மீளாமல் 1948-இல் இறந்ததாகத் தொடர் சொல்லிவிட்டது. அவரோ தொடர்ந்து ராணுவத்தில் பணியாற்றி, கொரியப் போரையும் கண்டு, 1967 வரை வாழ்ந்தார். சீருடையின் தையல் வரை பார்த்தவர்கள் ஓர் ஆளின் சாவைச் சரிபார்க்கவில்லை.

நம் நாட்டுப் போர்ப்படங்களுக்கும் இந்த நோய் உண்டு. ஜே.பி. தத்தாவின் ‘பார்டர்’ (1997) லோங்கேவாலா சண்டையைச் சொல்கிறது. அந்த இரவில் நம் தரப்பில் இறந்தவர்கள் இருவர். படத்தில் சாவு குவிகிறது. சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் படத்தில் வீரமரணம் அடைகிறார். நிஜமான பைரோன் சிங் 2022 டிசம்பர் வரை ராஜஸ்தானில் இருந்தார். வென்ற போருக்குக்கூட அதிகப்படியாகச் சாவைக் கடன் வாங்குவதுதான் இந்தப் பள்ளியின் இலக்கணம். பாட்டுகளும் பெரிய சத்தமும் அதற்குத் துணை. இதற்கு மூத்த பள்ளி சேத்தன் ஆனந்தின் ‘ஹகீகத்’ (1964). 1962 லடாக் பின்வாங்கலை, ராணுவத்தின் உதவியோடு அந்த மலைகளிலேயே போய் எடுத்தார். காதல் கிளைக்கதை அன்றைய வழக்கம், மன்னிக்கலாம். தோற்றோம் என்று சொன்ன இந்தியப் படம் அது. அதே போரையொட்டித் தமிழில் ‘இரத்தத் திலகம்’ (1963) வந்தது. அதன் பலம் சிவாஜி-சாவித்திரியிடம் இருந்தது, போர்க்களத்தில் இல்லை.

மலையாளத்தில் ஒரு தனிப் பள்ளி மேஜர் ரவியுடையது. ராணுவத்திலும் தேசியப் பாதுகாப்புப் படையிலும் இருந்தவர். 1991-இல் ராஜீவ் காந்தி கொலையில் தேடப்பட்ட சிவராசனைப் பிடிக்கும் வேட்டையில் பங்கெடுத்தவர். அந்த வேட்டையையே பிறகு ‘மிஷன் 90 டேய்ஸ்’ (2007) ஆக்கினார். ‘கீர்த்தி சக்ரா’ (2006) எல்லை ஊர்களில் இரண்டு மொழியிலும் பேசப்பட்ட படம். மோகன்லாலோடு ஜீவா நடித்தார், தமிழில் ‘அரண்’ என்று வந்தது. பட்டாளக்காரர்கள் கூடாரத்துக்குள் பேசும் பேச்சு, லீவுக்கான ஏக்கம், வீட்டு நினைப்பு ஆகியவற்றில் ரவிக்குக் கை தேர்ந்திருக்கிறது. எதிரியைக் காட்டும்போது அந்தத் தேர்ச்சி காணாமல் போகிறது. ‘பிக்கெட் 43’ (2015) ஓரளவு விலக்கு. பின்னாளில் எடுத்த 1971 போர்ப்படத்தில் அனுபவம் தேய்ந்து மேடைப்பேச்சு மிஞ்சியது.

‘அமரன்’ (2024) வாழ்க்கை வரலாற்றுப் பள்ளி. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று ஷோபியானில் இறந்தார். அசோக சக்ரா பெற்றார். தமிழ்க் கணவனும் மலையாளி மனைவியுமான வீடு நம் பக்கத்தில் அதிசயமல்ல. மனைவியாக நடித்த சாய் பல்லவியின் பகுதி இங்கே மனத்தில் ஒட்டியதற்கு அதுவும் காரணம். படத்தில் காட்டிய ஒரு தொலைபேசி எண் நிஜமாகவே ஒரு மாணவருடையதாகப் போய், அவருக்கு ஓயாமல் அழைப்புகள் வந்து வழக்கறிஞர் நோட்டீஸ் வரை சென்றது. யதார்த்தம் வேண்டாத இடத்தில் மிகச் சரியாக அமைந்துவிடுகிறது!

இந்தியப் பாராசூட் படைக்கு வருகிறேன். பாராசூட் பிரிகேடு 1941-இல் உருவானது. அதன் புகழ்பெற்ற குதிப்பு 1971 டிசம்பர் 11 அன்று வங்கத்தின் டாங்காயில் நடந்தது. லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவின் தலைமையில் இரண்டாம் பாரா பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 700 பேர் இறங்கி, பூங்லி பாலத்தைப் பிடித்தார்கள். ஐந்தாம் நாள் டாக்கா வீழ்ந்தது. உலகப் பத்திரிகைகளில் வெளியான இந்தக் குதிப்பின் படம் டாங்காயில் எடுத்ததல்ல. ராணுவச் செய்தித் தொடர்பாளராக இருந்த ராம்மோகன் ராவ், ஆக்ராவில் முன்பு நடந்த பயிற்சியின் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதில் வானம் நிறையக் குடைகள். 5,000 பேர் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி பரவியது. எதிரித் தலைமையின் மனம் அதனாலும் தளர்ந்தது. போர் நடக்கும்போதே அதன் படம் பொய்யாக இருந்தது, அந்தப் பொய் போருக்கும் உதவியது. வென்ற போரின் காட்சிகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வெற்றிக்கு எப்போதும் கூடுதல் குடைகள் கிடைக்கும்.

தோல்விக்கு ஒரு குடையும் கிடைப்பதில்லை. 1987 அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டர்களில் இறங்கியது. பத்தாம் பாரா கமாண்டோக்களும் பதின்மூன்றாம் சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளாட்டூனும் போயினர். புலிகளுக்குத் தகவல் முன்பே தெரிந்திருந்தது. சூட்டின் கடுமையில் மேற்கொண்டு ஆட்களை இறக்க முடியவில்லை. சீக்கியப் பிளாட்டூனின் முப்பது பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் கொக்குவில் ஒழுங்கைகளில் வீடுகளுக்குள் சிக்கிச் சண்டையிட்டு, டாங்கிகள் வந்த பிறகே மீண்டனர். அந்த ஒழுங்கைகளில் வாழ்ந்த பொதுமக்களும் கொல்லப்பட்டார்கள். வரவேண்டியவர்கள் வராமல் போனது, தனியே விடப்பட்டவர்கள், மேலிடத்துப் பிழைக்கணக்கு, ஊர்மக்களின் அழுகை என இரவிக்குட்டிப் பிள்ளை போரில் உள்ள அத்தனையும் இங்கே இருக்கிறது. அந்த இரவை நேர்மையாகச் சொன்ன படம் ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. இலங்கையைத் தொட்ட இந்தியப் படங்கள் உளவாளியைத் தேடிப் போகின்றன, அல்லது கண்ணீரைத் தேடிப் போகின்றன.

மலையாள சினிமாவின் முதல் படமான ‘விகதகுமார’னை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துத் தமிழர். அடிமுறை தெரிந்தவர், வாள்வீச்சைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். சண்டையைச் சரியாகக் காட்டவேண்டும் என்ற ஆசையோடுதான் இந்தப் பகுதியின் சினிமாவே தொடங்கியது. இன்று பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் திரைக்கதை எழுதத் துடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழும் இவர்களுக்குப் புரியும், பட்டாளத்து மலையாளமும் புரியும். 1987-இல் அங்கே போய்வந்தவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கொக்குவில் மக்களும் இருக்கிறார்கள். இரு தரப்பையும் கேட்டு எழுதுங்கள். முதலில் செத்தவர்களின் பட்டியலைச் சரிபாருங்கள்; சீருடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.