அப்புசாமியும் ஆபீஸ் தொண்டும்

ஜ.ரா. சுந்தரேசன் (1932–2017) 'பாக்கியம் ராமசாமி' என்ற பெயரில் குமுதத்தில் எழுதிய அப்புசாமி - சீதாப்பாட்டி கதைகளை வெறும் சிரிப்புக் கதைகள் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

சீதாப்பாட்டி பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவி. அவருக்குப் போட்டி பொன்னம்மா டேவிட். இந்தப் போட்டியில் சேவையைவிடப் பதவி பெரிதாகிவிடுகிறது. அப்புசாமிக்கோ தொண்டு என்றாலே வேப்பங்காய். அதை அவர் மறைப்பதுமில்லை. ஆசிரியரின் கேலி விழுவது தொண்டு செய்வோரின் பெருமை மேல்தான்.

இதை வைட்ஃபீல்டில் நேரிலேயே கண்டேன். பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். எங்கள் ஆபீசிலும் ஒரு சனிக்கிழமை மரம் நடப் போனோம். அரை மனதோடு நானும் போனேன். பதினைந்து பேருக்கு ஒரே மண்வெட்டி; பேனர் மட்டும் இரண்டு.

"சார், குழி யார் தோண்டுறது?"

"முதல்ல போட்டோ எடுத்துடலாம்ப்பா!"

கடைசியில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றியவர் காவலாளி. போட்டோவில் அவர் இல்லை.

அப்புசாமி கதைகளில் நான் காணும் குறையும் இதுவே. கழகத்தால் பயனடைந்த ஒருவர் முகமும் என் நினைவில் நிற்கவில்லை. ஆனால் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி? அந்தக் காவலாளியின் பெயரை நானும் கேட்கவில்லையே!