முட்டைக் கணக்கும் குஞ்சுக் கணக்கும்

கானா, பெனின், புர்கினா ஃபாசோ, நைஜீரியா நாடுகளின் கிராமங்களில் முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 40 முதல் 60 முட்டை இடும். ஒரு முட்டையின் எடை 35 முதல் 40 கிராம். பண்ணைக்கோழியோ 300 முட்டை இடுகிறது. ஒன்று 60 கிராம் இருக்கும். மொத்த எடையில் நாட்டுக்கோழி தருவது பத்தில் ஒரு பங்குதான். இதை மட்டும் வைத்து அதைப் பயனற்றது என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு.

அந்தக் கோழியின் நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் பத்துப் பதினைந்து முட்டை இடுகிறது. பிறகு 21 நாள் அடைகாக்கிறது. பொரித்த குஞ்சுகளை இரண்டு மாதத்துக்குமேல் கூட்டிக்கொண்டு மேய்கிறது. இப்படி ஒரு சுற்று முடிய மூன்று மாதத்துக்குமேல் ஆகிவிடும். மின்சாரமும் இயந்திரமும் இல்லாத வீட்டில் குஞ்சு பொரிப்பகத்தின் வேலை முழுவதையும் தாய்க்கோழியே செய்கிறது. தீவனச் செலவும் பெரிதாக இல்லை. ஒரு பிடி சோளம் போக, மற்றதைக் கிளறித் தின்றுகொள்ளும். புர்கினா ஃபாசோவிலும் டோகோவிலும் மண்பானைக்குள் ஈர வைக்கோலும் சாணமும் திணித்துக் கறையான் புற்றின் வாய்மேல் கவிழ்த்து வைப்பார்கள். பிறகு எடுத்து உதறினால் கொத்துக்கொத்தாகக் கறையான் விழும். குஞ்சுகளுக்கு அதுவே புரத உணவு.

முட்டையின் தரத்தையும் நடுநிலையோடு எடைபோட வேண்டும். முட்டை சிறியது என்றாலும் அதில் மஞ்சள்கருவின் பங்கு அதிகம். அது உண்மையான நிறை. ஆனால் அடர்ந்த மஞ்சள் நிறத்தைச் சத்தின் அடையாளமாகக் கொள்வது தவறு. பச்சிலையில் உள்ள நிறமிதான் அந்த நிறத்தைத் தருகிறது. மழைக்காலத்தில் நிறம் ஏறும், புல் காய்ந்தால் வெளிறும். வெயிலில் கோழி மூச்சிரைக்கும்போது ஓடு மெலிகிறது. இன்னொரு குறை, முதலில் இட்ட முட்டை இரண்டு வாரம் வெக்கையில் கிடப்பது. அதற்குள் வெண்கரு நீர்த்துவிடும். சேவலோடு திரியும் கோழி என்பதால் முட்டைக்குள் கரு வளரவும் தொடங்கிவிடும். எனவே நாட்டு முட்டை என்பதாலேயே அது உயர்ந்ததாகிவிடாது.

இவற்றைவிடப் பெரிய குறை குஞ்சுச் சாவு. இரண்டு மாதம் முடிவதற்குள் பாதிக்குமேல் இறப்பது சாதாரணம். பருந்து தூக்குகிறது, மழை நனைக்கிறது, இரை போதாமல் போகிறது. ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஊர்க்கோழியையே வாரிக்கொண்டு போய்விடும்.

ஆண்டுக்கு 48 முட்டை இட்டு எல்லாவற்றையும் அடைவைத்தால் சுமார் 38 குஞ்சு பொரியும். பாதி இறந்தால் மிஞ்சுவது 19. இறப்பதில் பாதியைக் காப்பாற்றினால் 28. ஒரு முட்டைகூடக் கூடுதலாக இடாமலே ஒன்பது கோழிகள் மிச்சம்! புர்கினா ஃபாசோ நகரங்களில் 'சைக்கிள் கோழி' என்று பெயர் சொல்லி விரும்பி வாங்குவது இந்தக் கோழியைத்தான். அங்கே குடும்பத்துக்குப் பணம் தருவது முட்டையைவிடக் கோழியே.

வெளிநாட்டுச் சேவலைக் கொடுத்து இனத்தை மாற்றும் வழியும் முயன்று பார்க்கப்பட்டதுதான். கலப்பினம் கூடுதலாக முட்டையிடும். ஆனால் தீவனம் கேட்கும், அடைகாக்கும் குணமும் குறையும். கழுத்தில் இறகில்லாத கோழி, சுருள் இறகுக் கோழி ஆகியவற்றிடம் உள்ள வெப்பம் தாங்கும் மரபணுக்களும் கண்மூடித்தனமான கலப்பில் கரைந்துபோகும். அவை மீண்டும் கிடைக்காத சொத்து.

ஆகவே முதல் வேலை இனமாற்றம் அல்ல. வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான, வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பு மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். இரவில் அடைய ஒரு கூடும், முதல் சில வாரம் குஞ்சுகளைக் கவிழ்த்து வைக்க ஒரு கூடையும் அதற்குள் கொஞ்சம் தீவனமும் வேண்டும். குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்து வளர்த்தால் தாய்க்கோழி அடுத்த சுற்று முட்டைக்கும் சீக்கிரம் வந்துவிடும். பிறந்த குஞ்சைக் காப்பாற்றிய பிறகு, கூடுதல் முட்டையைப் பற்றிப் பேசுவோம்.