குச்சியும் கையும்

சுருளிப்பட்டியிலிருந்து பள்ளிக்குப் போன நாட்களில் பேண்டு குழுவில் டிரம் அடித்தேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 என்றால் ஊரே கைதட்டும். ஊர்த் திருவிழாவில் மட்டும் மேளம் ஆண்களுடையது.

இதே பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், தன் கச்சேரிகளில் பெண்குரலில் பாடவைத்தது தம்பி இளையராஜாவை. பெண்குரலுக்கு மேடையில் இடமிருந்தது. அந்தக் குரலுக்கு உரியவளுக்கு?

குரல் உடைந்ததும் அந்தச் சிறுவனின் கைக்கு ஆர்மோனியம் வந்தது. பள்ளி முடிந்ததும் எங்கள் கையிலிருந்து குச்சி போனது. அணிவகுப்புக்குத் தாளம் கொடுக்கத்தான் எங்களுக்கு அனுமதி, வாத்தியக்காரி ஆவதற்கல்ல.

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள், சாவுக்கு அடிக்கச் சாதி விதித்த பறையைத் தங்கள் கலையாக்கிக்கொண்டார்கள். பள்ளிப் பேண்டு எங்களுக்குச் சொல்லித்தராத பாடம் அது: குச்சியைத் திருப்பித் தராதிருப்பது.