மூன்று மொழிக்கு ஒரே வாசல்

புதுச்சேரியில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் ஒருவர் இணையதளம் கேட்டால் அதில் அதிசயமில்லை. அதை வேர்ட்பிரஸில் கட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ‘பாலிலாங்’ செருகுநிரலை நிறுவி மொழிகளைச் சேர்த்ததும் பக்கங்களின் பட்டியலில் மொழிக்கொரு கட்டம் முளைக்கிறது. மொழிபெயர்க்காத இடத்தில் கூட்டல் குறி. எழுதிச் சேமித்ததும் அது பென்சிலாக மாறுகிறது. கூட்டல் குறிகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்ப்பதில், பூச்சரம் நீள்வதைப் பார்க்கும் நிறைவு.

உண்மையான கைத்திறன் அதற்கப்புறம்தான். ரோமன் எழுத்துக்கென அமைத்த தீமில் தமிழைக் கொட்டினால், மேல் வரியில் ‘மூ’வின் சுழியும் கீழ் வரியில் ‘ஞி’யின் மேல்விலங்கும் நெருக்கியடிக்கும். அவர் சைல்ட் தீமைத் திறந்து வரி உயரத்தை 1.5-இலிருந்து 1.8 ஆக்குகிறார், பத்தி தெளிந்துவிடுகிறது. ‘முன்பதிவு செய்யுங்கள்’ பொத்தானை விட்டு வழிகிறது. அகலத்தைக் கட்டிப்போடாமல் சொல்லின் போக்கில் விரியவிடுகிறார். பிரெஞ்சில் கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி உண்டு. அதைச் சாதாரண ஸ்பேஸாகத் தட்டினால் கைபேசித் திரையில் குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடலாம். பிரியாத இடைவெளியைத் தேடி இடுகிறார். கேட்டவர் இதைக் கவனிக்கப்போவதில்லை, ஆனாலும் இடுகிறார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான். ஜிபிஎல் உரிமத்தில் வேர்ட்பிரஸின் நிரல் முழுக்கத் திறந்து கிடப்பதால் எதைத் திருத்தவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் ஊரிலேயே இருப்பதால், கற்க விரும்பும் பிள்ளைகள் வெளியூர் தேடிப் போகவும் வேண்டியதில்லை.